பட்டதாரிக்குப் பட்டாளம் கசக்கிறதா?

படித்த பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று வற்றிவிட்டது, பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்குத்தான் சேவையின் அருமை தெரியும், ஆகவே கல்லூரி முடிக்கும் ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டாவது கட்டாயமாக ராணுவத்துக்கு அனுப்ப வேண்டும். கொடிநாள் மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டிய பிறகு, "இந்தப் பயல்களை மிலிட்டரியில் போட்டால்தான் திருந்துவார்கள்" என்று அது இன்னும் உரக்க ஒலித்தது. மறு ஆண்டு 'அமரன்' திரைப்படம் வந்து மேஜர் முகுந்த் வரதராஜனின் தியாகத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தபோது, அவரையே சுட்டிக்காட்டி இன்றைய பட்டதாரிகளை இடித்துரைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. சொல்கிறவர்களின் நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. பிள்ளைகள் மீதுள்ள கவலையால்தான் பலர் இதைச் சொல்கிறார்கள். ஆனால் கருத்து தவறானது. முன்னாள் படைவீரருக்கும் பட்டதாரிக்கும் இடையே மனப்பான்மையில் பெரும் பள்ளம் இருக்கிறது என்ற அதன் அடிப்படையே பிழை. இருவரும் கேட்பது ஒன்றைத்தான்: உழைப்புக்கும் உயிருக்கும் ஈடாக அரசு தரும் வாக்கு நிலைத்து நிற்க வேண்டும். இருவருக்கும் திறந்திருக்கும் வாசல்கள்தான் வேறு வேறு.

வாசலில் இருந்தே தொடங்கலாம். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர இன்று இருக்கும் வழி, 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட, நான்கு ஆண்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம். வயது வரம்பு பதினேழரை முதல் 21 வரை என்று அறிவித்தார்கள். கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் ஆள் எடுப்பே நடக்காததால் அந்த ஒரு முறைக்கு மட்டும் 23 ஆக்கினார்கள். நாங்குநேரியில் பிளஸ் டூ முடிக்கும் பையனுக்கு வயது பதினேழோ பதினெட்டோ. பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் போய்வந்து பி.ஏ., பி.எஸ்சி. முடிக்கும்போது இருபத்தொன்று, பொறியியல் என்றால் அதற்கும் மேலே ஓராண்டு. பட்டச் சான்றிதழ் கைக்கு வரும் அதே நேரத்தில் சிப்பாய் வாசல் சாத்தப்படுகிறது. பழைய முறையிலும் பொதுப்பணிச் சிப்பாய்க்கான வரம்பு ஏறக்குறைய இதேதான். ராணுவம் இளம் உடல்களைத் தேடுவதற்குக் காரணம் உண்டு, அதைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் சட்டமே உள்ளே விடாத ஒருவனைப் பார்த்து, "நீ ஏன் உள்ளே போகவில்லை, உனக்குப் பற்று இல்லையா" என்று கேட்பது எந்த வகை நியாயம்?

பட்டதாரிக்கென்று இருக்கும் வழி அதிகாரி வாசல். அதற்கு மத்திய தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுத வேண்டும். ஆங்கில அறிவைச் சோதிக்க ஒரு தாள் உண்டு; மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். எழுத்துத் தேர்வைத் தாண்டினால் ஐந்து நாள் நடக்கும் தேர்வுக்குழுச் சோதனை: குழு விவாதம், உளவியல் சோதனை, நேர்காணல், எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய களக்காட்டுப் பெண்ணோ மூலைக்கரைப்பட்டிப் பையனோ இந்தத் தேர்வின் பெயரையாவது கல்லூரியில் கேள்விப்பட்டிருப்பார்களா என்பதே ஐயம். (பட்டாளம் என்றாலே பையன்கள் என்று பேசுகிறவர்கள், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி தந்த தீர்ப்பையும் மறந்துவிடுகிறார்கள்.) அதிகாரிகளை வளர்த்தெடுக்கும் சைனிக் பள்ளி தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1962 இல் தொடங்கிய அதுவும் உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கான கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் நாங்குநேரி வட்டத்திலேயே, விஜயநாராயணத்தில், வானளாவிய கோபுரங்களோடு நிற்கிறது. அந்தக் கோபுரங்களைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, அங்கே அதிகாரியாக அமர்வது எப்படி என்று சொல்லித்தர வட்டத்தில் ஓர் ஏற்பாடு வேண்டாமா?

விருப்பம் இல்லை என்ற குற்றச்சாட்டை எண்களே மறுக்கின்றன. அக்னிபத் வந்த முதல் ஆண்டில் விமானப்படையின் ஏறத்தாழ 3,000 இடங்களுக்கு 7,49,899 பேர் விண்ணப்பித்தார்கள். அதே 2022 ஜூலையில் தமிழ்நாட்டின் குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். பத்தாம் வகுப்பே போதுமான அந்தத் தேர்வில் பட்டதாரிகள் குவிவது ஊரறிந்த செய்தி. அரசின் சீருடையையோ மேசையையோ ஏற்கத் தயாராக இத்தனை பேர் வரிசையில் நிற்கும் மாநிலத்தில், சேவைக்கு ஆளில்லை என்று எப்படிச் சொல்வது? "அவர்கள் வேலைக்காக நிற்கிறார்கள், சேவைக்காக அல்ல" என்பது உடனே வரும் பதில். அந்தப் பதிலுக்குள்தான் முழுப் பிழையும் ஒளிந்திருக்கிறது. வேலை கீழானது, சேவை மேலானது. பட்டதாரி முதலாவதைத் தேடுகிறான், பட்டாளத்தார் இரண்டாவதைச் செய்தார் என்று அது பிரிக்கிறது. பட்டாளத்தார்களே இந்தப் பிரிவை ஏற்றதில்லை.

ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். அதற்காக முன்னாள் படைவீரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2009 இல் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2015 ஜூனில் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7 அன்று அரசாணை வெளிவந்தது. எல்லையில் நின்ற மனிதர்கள் ஓய்வூதியக் கணக்கைக் கையில் ஏந்தித் தெருவுக்கு வந்ததால் அவர்களுடைய வீரம் ஒரு குன்றிமணி அளவாவது குறைந்ததா? இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று கேட்பதும் படைவீரனின் மானத்தில் சேர்ந்ததுதான். அதே மானத்தோடு ஒரு பட்டதாரி, "நான்கு ஆண்டு கழித்து என்னை என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் மட்டும் அது சுயநலமாகிவிடுமா? அந்தக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. அக்னிபத்தில் சேரும் அக்னிவீரருக்கு முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேமநிதிக்குப் பிடித்தம் போக 21,000 கையில். நான்காம் ஆண்டில் 40,000, கையில் 28,000. முடிவில் சேமநிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். பழைய முறையில் பதினைந்து ஆண்டு முடித்த சிப்பாய் வாழ்நாள் முழுக்க ஓய்வூதியம் பெற்றார். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்து வேலைக்கு இருந்த மதிப்பில் பெரும்பங்கு, மாதம் தவறாமல் வந்த அந்தப் பணத்தாலும் கேன்டீன் அட்டையாலும் மருத்துவ வசதியாலும் வந்தது. இதைச் சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை.

தங்கள் பிள்ளைகளுக்கு முன்னாள் படைவீரர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் தொழிற்படிப்புப் பட்டம் படிக்கவென்றே பிரதமர் உதவித்தொகைத் திட்டம் 2006 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்கள் கேட்டுப் பெற்றவை, பயன்படுத்தப்படுபவை. துப்பாக்கி ஏந்திய தகப்பன் மகளை மருத்துவராகவும் மகனைப் பொறியாளராகவும் பார்க்க விரும்புகிறார் என்றால், பட்டப் படிப்பை அவர் சேவைக்குப் பகையாக நினைக்கவில்லை என்றுதானே பொருள்? அக்னிபத் அறிவிக்கப்பட்டபோதும் முன்னாள் படைவீரர்கள் ஒரே குரலில் அதை வாழ்த்திவிடவில்லை. ஆதரித்தவர்களும் உண்டு; மேஜர் ஜெனரல் ஜி.டி. பக்‌ஷி, முன்னாள் கடற்படைத் தலைவர் அட்மிரல் அருண் பிரகாஷ் போன்றவர்கள் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் சென்னைப் போர் நினைவுச் சின்னத்தருகே திரண்ட இளைஞர்களும், உடற்தகுதியிலும் மருத்துவச் சோதனையிலும் தேறி எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள்தான். பட்டாளத்தில் சேரத் துடித்தவர்களே எதிர்த்தார்கள். கடல் கடந்தும் இதே நிலைதான். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், கட்டாய ராணுவ சேவை மீண்டும் வேண்டாம் என்றவர்கள் பொதுமக்களில் 74 விழுக்காடு. 2001 செப்டம்பருக்குப் பின் பணியாற்றிய முன்னாள் படைவீரர்களில் அது 80 விழுக்காட்டுக்கும் மேல். போரைக் கண்டவர்கள் கட்டாயத்தைக் குடிமக்களைவிடக் கூடுதலாக மறுத்திருக்கிறார்கள். முன்னாள் படைவீரர்களின் பெயரைச் சொல்லிக் கட்டாய சேவை கேட்பவர்கள் அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

படிப்பும் பட்டாளமும் ஒட்டாது என்ற எண்ணம் நம் மண்ணில் தானாக முளைக்கவில்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ், பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். தென்னாட்டவர் போருக்கு லாயக்கற்றவர்கள், வடமேற்கின் சில கூட்டங்கள் மட்டுமே போர்க்குடிகள் என்ற கொள்கையை வளர்த்தவர்களில் அவர் முதன்மையானவர். மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. ஆள் எடுப்பவர்கள் எழுத்தறியாத உழவர்களையே விரும்பினார்கள். படித்தவன் கேள்வி கேட்பான் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. இந்தியர்களுக்கு முழு அதிகாரிப் பதவி முதல் உலகப் போரின் முடிவில்தான் கைக்கெட்டியது. தேராதூனில் ராணுவ அகாதமி 1932 இல்தான் வந்தது. போருக்கு லாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கிய அதே அரசு, இரண்டாம் உலகப் போர் வந்ததும் மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு மறுபடி ஆள் சேர்த்தது; அவர்கள் பர்மா முனையில் போரிட்டார்கள். அரசு வேண்டாம் என்றபோது தமிழன் கோழை, வேண்டும் என்றபோது வீரன். படித்தவரையும் படைவீரரையும் பிரித்துவைத்த அந்த ஏற்பாட்டின் மிச்சத்தையே இன்று நாம் இளைஞர்களின் குணக்கேடு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கட்டாயத்தை இந்தியா ஒருமுறை சோதித்தும் பார்த்துவிட்டது. 1948 இல் தொடங்கிய தேசிய மாணவர் படை, சீனப் போருக்குப் பின் 1963 இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1968 இல் மறுபடி விருப்பப் பயிற்சியாகிவிட்டது. நாடே போர்க் காயத்தோடு இருந்த நேரத்தில், வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே கேட்ட ஒரு பயிற்சியையே ஐந்தாண்டுக்கு மேல் கட்டாயமாக வைத்திருக்க முடியவில்லை. இங்கே ஒரு மறுப்பு வரும்: தமிழ்நாட்டில் அதைக் கெடுத்தது திராவிட அரசியல்தானே என்பார்கள். நடந்ததை நிதானமாகப் பார்ப்போம். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானத்தில் மாணவர் படையும் இடம்பெற்றது உண்மை. அது எதிர்த்தது அணிவகுப்பை அல்ல, இந்திக் கட்டளைச் சொற்களை. அதே அண்ணாதான் 1962 இல் சீனப் படை எல்லை கடந்தபோது, தம் கட்சியின் உயிர்க் கொள்கையான தனிநாட்டுக் கோரிக்கையை ஒத்திவைத்துவிட்டு நாட்டின் பாதுகாப்புக்குத் துணை நின்றார். எந்த மொழியில் ஆணையிடுவாய், எந்த நிபந்தனையில் அழைப்பாய் என்று கேட்பது படையை வெறுப்பதாகாது. அந்தக் கேள்விக்குப் பலனும் இல்லாமல் போகவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2025 இல், அக்னிவீரர் எழுத்துத் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம் என்று ராணுவமே அறிவித்தது. சிப்பாய்க்குத் திறந்த இந்தக் கதவு அதிகாரித் தேர்வில் ஏன் இன்னும் சாத்தியிருக்க வேண்டும் என்று கேட்பதுதான் அடுத்த வேலை.

ஒழுக்கம் பற்றிய வாதம் எல்லாவற்றையும்விட மக்கள் மனத்தில் ஊன்றியிருக்கிறது. நாங்குநேரியை முன்வைத்தே அது பேசப்படுவதால் அதை இங்கேயே எதிர்கொள்ள வேண்டும். அன்று அரிவாள் தூக்கியவர்கள் பள்ளி மாணவர்கள். கல்லூரி முடித்தவர்களுக்கு இருபத்தொரு வயதில் தரப்போகும் பயிற்சி, பதினேழு வயதில் நடந்ததை எப்படித் தடுத்திருக்கும்? பாராக்கில் எல்லாச் சாதியும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக ஓடுகிறது என்பார்கள். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் சாதி, இனப் பெயர்களைத் தாங்கிய படைப்பிரிவுகள் இன்றும் நம் ராணுவத்தில் இருக்கின்றன. பாராக்கின் சமத்துவம் ஊர்த் தெரு வரை நடந்து வருவதும் இல்லை. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அவருடைய மகன் பள்ளியில் சாக்கு விரித்துத் தனியாகத்தான் உட்கார வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் பறையர் சமூகத்தவர் மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளில் தலைமுறைகளாக உழைத்தார்கள். அந்தச் சீருடை ஊர்க் கோயிலின் கதவைத் திறக்கவில்லை. அதற்குத் தனியே போராட்டமும் சட்டமும் வேண்டியிருந்தன. நாங்குநேரி வன்முறைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி நிறக் கயிறுகள், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி, ஆசிரியர்களின் இடமாறுதல் என்று பள்ளிக்கூடத்துக்குள்ளேயே செய்ய வேண்டியவற்றை அது எடுத்துச் சொன்னது. அந்த வேலைகள் கடினமானவை, ஊரில் பகையைத் தேடித்தருபவை. "மிலிட்டரியில் போடு" என்று சொல்லிவிட்டால் அவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பேச்சின் மீது எனக்குக் கோபம் வருகிறது. இன்னொன்றும் உண்டு: குற்றம் செய்தவனைத் திருத்தும் இடமாக ராணுவத்தைப் பேசுவது, தேர்வில் தேறிப் பெருமையோடு உள்ளே போன ஒவ்வொரு வீரனையும் சிறுமைப்படுத்துகிறது.

சிங்கப்பூரைக் காட்டுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. அங்கே 1967 முதல் ஆண்கள் தேசிய சேவை செய்கிறார்கள், இப்போது இரண்டு ஆண்டு. தமிழ்ப் பிள்ளைகளும் செய்கிறார்கள், பெருமையாகவே செய்கிறார்கள். ஏறத்தாழ 20 லட்சம் பேரே இருந்த சிறு தீவுக்குப் படை திரட்ட அதைவிட்டால் வழியில்லை. நமக்கோ ஏறத்தாழ 12 லட்சம் பேர் கொண்ட தரைப்படை இருக்கிறது, முழுக்க விருப்பத்தில் வந்தவர்கள். 2021-22 இல் மட்டும் இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்கள் 1.07 கோடி. இரண்டு ஆண்டு சேவை என்றால் எந்நேரமும் இரண்டு கோடிப் பேர் சீருடையில் இருக்க வேண்டும். அவர்களுக்குப் பயிற்றுநர் எங்கே, துப்பாக்கி எங்கே, தங்க இடம் எங்கே? 2018 மார்ச்சில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு, அரசிதழ் பதிவு பெற்ற பணிகளுக்கு வருவோர் ஐந்தாண்டு ராணுவத்தில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தரைப்படையில் அப்போது 7,000க்கு மேல் அதிகாரிப் பற்றாக்குறை இருந்ததை அது காரணமாகக் காட்டியது. ஏழாயிரம் அதிகாரிகளைக் கண்டுபிடிக்க நாட்டின் பட்டதாரிகள் எல்லாரையும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. தேர்வைத் தமிழிலும் பிற மொழிகளிலும் வைத்து, மாவட்டத்துக்கு ஒரு நல்ல பயிற்சி மையம் திறந்தாலே போதும்.

மறுதரப்பின் வாதங்களில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. உயிரைப் பணயம் வைக்கும் வேலையை ஏழைக் கிராமத்துப் பிள்ளைகள் மட்டுமே செய்ய, வசதியானவர்கள் விலகி நின்று போர் பற்றிப் பேசுவது ஜனநாயகத்துக்கு அழகல்ல என்பது அது. முழுக்க உண்மை. ஆனால் நாங்குநேரியின் பட்டதாரி வசதியானவர் அல்ல. சுமார் 2,500 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும், ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று கால் நூற்றாண்டாகக் கேட்டுக் காத்திருந்த தாலுகா இது. சொன்ன அளவில் எதுவும் வரவில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதுடையோரில் 47 விழுக்காட்டினர் படிக்கிறார்கள், நாட்டின் சராசரி 28.4 என்று 2021-22 கணக்கு சொல்கிறது. அதாவது இங்கே பட்டதாரி என்றால் மேல்தட்டுப் பிள்ளை என்று பொருளில்லை. பீடி சுற்றும் தாயின் மகளும் வாழைத் தோட்டத்துக் கூலியின் மகனும்தான் இன்றைய பட்டதாரிகள். சுமையை எல்லாரும் பகிர வேண்டும் என்ற நல்ல வாதத்தை எடுத்து, ஏற்கெனவே சுமப்பவர் தலையிலேயே இன்னொரு மூட்டையை ஏற்றக்கூடாது.

இதற்கிடையே, பட்டாளத்தாரா பட்டதாரியா என்ற பிரிவையே அழிக்கும் ஒரு தலைமுறையை அக்னிபத் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் தரைப்படைப் பயிற்சியில் சேர்ந்த முதல் அணியின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியோடு முடிகின்றன. நால்வரில் மூவர் இருபதுகளின் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். பணிக்காலப் பயிற்சியையும் மதிப்பெண்ணாகக் கணக்கிட்டுப் பட்டம் தர இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருக்கிறது. ஆக அவர்களில் பலர் பட்டதாரிகளாகவும் இருப்பார்கள். ஆனால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி அவர்களுக்கு இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு இருக்கிறது; திருநெல்வேலி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் படியேறினால் இன்றைய விதிப்படி அவர்களுக்குப் பெயரே இல்லை. மாநில அரசு நினைத்தால் இதைச் சரிசெய்யலாம். குரூப் 4 இலும் காவலர் தேர்விலும் முன்னாள் படைவீரருக்குத் தரும் வயதுத் தளர்வையும் ஒதுக்கீட்டையும் நான்கு ஆண்டு முடித்தவர்களுக்கும் விரிக்கலாம். நல அலுவலகத்தின் பதிவேட்டில் அவர்களைச் சேர்க்கலாம். சேவையைப் போற்றி மேடையில் பேசுகிறவர்கள், எந்தக் கட்சியில் இருந்தாலும், முதல் அணி நாங்குநேரி ரயில் நிலையத்தில் வந்து இறங்குவதற்குள் இந்த அரசாணையைக் கேட்டு வாங்கட்டும்.